மே முதல் நாள் நின்ற மாடு

மாடு தானாகத்தான் வந்தது. இதைப் பார்ட்லி மல்கெரின் கால்வே நீதிமன்றத்தில் சொன்னான், கப்பலில் சொன்னான், கைதிகளை அனுப்பும் வான் டீமன் தீவில் கல் உடைத்த இடத்தில் சொன்னான், தாடி நரைத்த பிறகும் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் நம்பாமல் இல்லை. நம்பி என்ன ஆகப்போகிறது? மாடு நடந்து வந்ததா, கயிறு போட்டு இழுத்து வந்ததா என்பதில் சட்டத்துக்கு அக்கறை கிடையாது. யார் வீட்டில் நின்றது, யார் கறந்தது, திருப்பிக் கேட்டபோது யார் தரமாட்டேன் என்றது, இந்த மூன்றைத்தான் கேட்டார்கள். மூன்றுக்கும் பதில் பார்ட்லிதான்.

முதலில் அது அவனுடைய மாடுதான். கறுப்பு நிறம், இடது கொம்பு கண்ணைப் பார்த்து வளைந்திருக்கும், அதனால் கோணக்கொம்பி என்று பெயர். அந்தக் குளிர்காலத்தில் குத்தகை கட்ட முடியவில்லை. நிலத்துக்காரரின் ஆட்கள் வந்து ஓட்டிக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். சதுப்புக்கு அந்தப் பக்கம் ஏழு மைல் தள்ளியிருந்த மாட்டு வியாபாரி கெனவன் அதை எடுத்தான். கோணக்கொம்பிக்கு ஏலம் என்றால் என்னவென்று தெரியாது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்றாம் வருஷம் ஏப்ரல் கடைசி நாள், பொழுது சாயும் நேரத்தில், முழங்கால் வரை சேற்றோடு வந்து பார்ட்லியின் அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டி ஒரு கத்துக் கத்தியது. மடி கனத்துப் போயிருந்தது. பார்ட்லி உள்ளே விட்டான். எங்கள் ஐரிஷ் கிராமங்களில் மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ்தான்.

மறுநாள் விடிந்ததும், கறந்த கையோடு, அவன் கயிற்றை எடுத்தான்.

"ஓட்டிட்டுப் போய் கெனவன்கிட்ட விட்டுட்டு வந்துடறேன்."

"இன்னிக்கு என்ன தேதி?" என்றாள் பெகீன், அவன் மனைவி. இருபத்திரண்டு வயது. தவக்கால நோன்புக்கு முந்தின வாரம்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"தெரியும்டி. ஆனா மாடு நம்மது இல்லையே."

"நம்ம கூரைக்குக் கீழ நிக்குதுல்ல? இன்னிக்கு இந்த வாசப்படியை ஒரு துரும்பும் தாண்டாது. நாளைக்கு நானே கூட வரேன், போய் விட்டுட்டு வரலாம்."

மே முதல் தேதி எங்கள் பக்கத்தில் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகாது. பக்கத்து வீட்டுக்காரி அடுப்புக்குத் தணல் கேட்டால் கிடையாது. பால், உப்பு, ஒரு கை சாம்பல் எதுவும் கிடையாது. போனால் அந்த வருஷத்து அதிர்ஷ்டமும் அதன் பின்னாலேயே போய்விடும். மகாராணியே வந்து சுருட்டுக்கு நெருப்பு கேட்டாலும் நாளைக்கு வாங்க அம்மா என்றுதான் சொல்வோம். ஆனால் பெகீன் இதையெல்லாம் கேலி செய்கிறவள். அவள் அன்றைக்கு அப்படிப் பிடிவாதம் பிடித்தது பார்ட்லிக்கே விசித்திரமாக இருந்தது. புதுப்பெண், வீட்டுக்காரி ஆகிவிட்டதைக் காட்டுகிறாள் என்று நினைத்துக் கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

பத்து மணிக்குக் கெனவனின் ஆள் வந்தான். "நாளைக்கு வாப்பா," என்றான் பார்ட்லி. அந்த ஆளும் எங்கள் ஊர்க்காரன்தான், தலையை ஆட்டிக்கொண்டு போனான். ஆனால் கெனவன் நகரத்தில் வளர்ந்தவன். அவன் அனுப்பியது போலீஸ்காரர் டோலனையும் இரண்டு துப்பாக்கிகளையும். அவர்கள் வந்தபோது மாடு அடுப்புப் பக்கம் அசை போட்டுக்கொண்டு நின்றது, பக்கத்தில் பாத்திரத்தில் பால் நுரைத்துக்கொண்டிருந்தது. பார்ட்லி வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றான். அன்று அந்த வீட்டிலிருந்து மாடும் போனது, பார்ட்லியும் போனான்.

ஜூலையில் வழக்கு வந்தது. நீதிபதிக்கு ஐரிஷ் தெரியாது, பார்ட்லிக்கு ஆங்கிலம் தெரியாது. மே முதல் தேதியை மொழிபெயர்ப்பாளர் எப்படி விளக்கினாரோ, நீதிபதி ஒரு தடவை சிரித்தார், பிறகு பத்து வருஷம் என்றார். கடல் கடந்து, உலகத்தின் அடிப்பக்கம் இருக்கிற தீவுக்கு.

ஊரில் அவனுக்கு இழவு வைத்தார்கள். அந்தத் தீவுக்குப் போன எவனும் எங்கள் ஊருக்குத் திரும்பியதில்லை. திரும்பாதவனுக்கு அழுது முடித்துவிடுவதுதான் மரியாதை. வீட்டு நடுவில் பலகை போட்டு, அதன் மேல் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை விரித்து, மார்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தட்டில் புகையிலை வைத்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு மண் குழாயில் புகைத்துவிட்டு, அவன் ஆத்மாவுக்காகச் செபித்துவிட்டுப் போனார்கள். கைதிகளை வண்டியில் ஏற்றி டப்ளின் சாலையில் கொண்டுபோன அன்று ஊர்ப் பெண்களெல்லாம் பாலம் வரைக்கும் பின்னாலேயே வந்து ஒப்பாரி வைத்தார்கள். கைவாகு உள்ளவனாக இருந்தான், குரல்வளம் உள்ளவனாக இருந்தான், அவன் பாடினால் முரட்டு மாடும் மடி இறக்கியது, அப்படி இருந்தானே, இருந்தானே என்று பாடினார்கள். பெகீன் தலையை விரித்துப்போட்டு, உள்ளங்கைகளை அடித்துக்கொண்டு, எல்லோரையும் விட உரக்க அழுதாள். பார்ட்லி கால் விலங்கோடு வண்டியில் உட்கார்ந்து தன் ஒப்பாரியைத் தானே கேட்டான். நன்றாகத்தான் பாடினார்கள். பாலம் தாண்டியபோது, தான் செத்துப்போனது முடிந்துவிட்ட காரியம் என்று அவனுக்குப் பட்டது.

அந்தத் தீவின் ஹோபார்ட் துறையில் இறங்கிய கைதிகளை வரிசையாக நிற்கவைத்து எழுத்தர் ஒருவர் கேள்வி கேட்டார். உயரம், தழும்பு, மதம், கல்யாணம். பார்ட்லிக்கு மொழிபெயர்த்தவன் ஃபெஸ்டி கான்னீலி, பக்கத்து ஊர்க்காரன், அதே கப்பலில் வந்தவன். ஃபெஸ்டி ஒரு ஆட்டை உண்மையிலேயே திருடி, உண்மையிலேயே தின்றவன். "நீதான்டா பாவம், உனக்கு ஒரு எலும்புகூடக் கிடைக்கலை," என்று வழியெல்லாம் பார்ட்லியைக் கேலி செய்துகொண்டே வந்தான்.

"பொண்டாட்டி பேரு கேக்கறார். பெகீன்னு சொல்லிடட்டுமா?"

"யாரும் இல்லைன்னு சொல்லு."

"டேய், உன் கல்யாணத்துல குடிச்சு விழுந்த காயம் இன்னும் என் முட்டியில இருக்கு."

"நான் செத்தவன், ஃபெஸ்டி. அவ விதவை. அரசாங்கக் காகிதத்துல அவ பேரை எழுதிட்டா, நாளைக்கு ஒரு நல்லவன் கட்டிக்கறேன்னு வந்தா இந்தக் காகிதம் குறுக்க நிக்கும். அவளை விட்டுடு. சொல்லு, யாரும் இல்லை."

ஃபெஸ்டி தோளைக் குலுக்கிவிட்டுச் சொன்னான். எழுத்தர் எழுதினார். அன்பினால்தான் பார்ட்லி அப்படிச் சொன்னான். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பின்னால் நடந்ததை மட்டும் கேட்பவர்கள் அவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடுவார்கள்.

இரண்டு வருஷம் சாலைக்குக் கல் உடைத்தான். பிறகு ஆற்றுப் பள்ளத்தாக்கில் டன்ஸ்டர் என்பவரின் பண்ணைக்கு மாடு கறக்க அனுப்பினார்கள். அங்கிருந்த மாடுகள் பாதி காட்டு மாடுகள், காலைக் கட்டாமல் யாரும் கிட்டப் போகமாட்டார்கள். பார்ட்லி நெற்றியை மாட்டின் வயிற்றில் சாய்த்து, எங்கள் பக்கத்துக் கறவைப் பாட்டைப் பாடியபடி கறந்தான். மாடுகள் நின்றன. ஐரிஷ்காரன் மந்திரம் போடுகிறான் என்று டன்ஸ்டர் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஆங்கிலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது.

செத்தவனுக்கும் யோசனைகள் வரும். கறக்கும்போதெல்லாம் அவன் பெகீனுக்கு மனதுக்குள் மாப்பிள்ளை பார்த்தான். ஊர்க் கொல்லன் நல்லவன், ஆனால் அவன் அம்மா பொல்லாதவள். படகுக்காரன் உழைப்பாளி, ஆனால் குடிப்பான். இப்படி இரண்டு வருஷத்தில் ஊரிலிருந்த ஆண்கள் அத்தனை பேரையும் தள்ளிவிட்டான். ஒருத்தனும் தேறவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் ஜனவரியில் ஃபெஸ்டியின் மனைவி மரீன் வந்து இறங்கினாள். ஒழுங்காக இருக்கும் கைதிகள் எழுதிக் கேட்டால் அரசாங்கமே மனைவியை இலவசமாகக் கப்பலேற்றி அனுப்பும். ஃபெஸ்டி, துறையில் இறங்கிய அன்றைக்கே, தனக்கு மனைவி உண்டு என்று எழுதவைத்திருந்தான். மரீன் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, பார்ட்லி தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டான்.

"பெகீன் யாரைக் கட்டிக்கிட்டா?"

"அவ எங்க கட்டிக்கிட்டா? ரெண்டு பேர் பெண் கேட்டுப் போனாங்களாம், வெளக்குமாத்தை எடுத்தாளாம். எனக்குப் புருஷன் இருக்கான்னு சொல்றாளாம். வேற விவரம் தெரியாது, நான் சந்தையில தூரத்துலதான் பார்த்தேன்."

"ஒப்பாரி வச்சாளே! நான் கேட்டேனே!"

"ஒப்பாரி வைக்கறது ஊர் வழக்கம், வச்சா. அதுக்காக நீ செத்துடுவியா, மடையா?"

பார்ட்லி அங்கேயே, கோயில் மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம், பெகீனைக் கூட்டி வரவேண்டும். பிப்ரவரியில் டன்ஸ்டர் நல்லவிதமாக நாலு வரி எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் போனது. பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம், ஆனால் நாலரை வருஷம் செத்துக் கிடந்தவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அதே வாரம் ஹோபார்ட் பாதிரியாரிடம் போய் ஊர்ப் பாதிரியாருக்கு ஒரு கடிதம் எழுதவைத்தான். உயிரோடு இருக்கிறேன், கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது, அழைப்பு வரும், அதுவரை வீட்டை விட்டு எங்கும் போகாதே என்று பெகீனுக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தான்.

ஏப்ரலில் பதில் வந்தது. இந்தக் கைதிக்கு மனைவி இல்லை என்று பதிவேட்டில் இருக்கிறது. காதலிகளை மனைவி என்று சொல்லி அரசாங்கச் செலவில் வரவழைக்கும் பழக்கம் பெருகிவிட்டதால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பார்ட்லி ஃபெஸ்டியைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனான். எழுத்தர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "அன்று யாரும் இல்லை என்று மொழிபெயர்த்தது நீதானே? அன்று பொய் சொன்னாயா, இன்று சொல்கிறாயா?" என்று ஃபெஸ்டியைக் கேட்டார்.

அழைப்பு வராது என்று பெகீனுக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கவேண்டும். எழுதினால் ஏன் என்று எழுதவேண்டும். எனக்கு மனைவி இல்லை என்று நானே சொன்னேன் என்பதை ஒரு பாதிரியார் எழுத, இன்னொரு பாதிரியார் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். வெட்கத்தில் அவன் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினான். அதற்குள் கப்பல்கள் வேறு சேதி கொண்டுவந்தன. உருளைக்கிழங்கு இரண்டு வருஷமாக மண்ணுக்குள்ளேயே கறுத்து அழுகிவிட்டதாம், மேற்குக் கரையோரம் ஊர் ஊராகக் காலியாகிறதாம். எங்கும் போகாதே என்று எழுதியது அவனுக்கு நினைவு வந்தது. அந்த வருஷங்களில் அவன் மாட்டிடம் பாடவில்லை. கறந்தான், அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் பண்ணைக்கு ஒரு அரசாங்கக் கடிதம் வந்தது. பெண் கைதி ஒருத்தி, மாடு திருடியவள், பார்ட்லி மல்கெரின் தன் கணவன் என்றும் இந்தத் தீவில் இருக்கிறான் என்றும் கப்பலில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயருள்ளவன் ஹோபார்ட்டுக்கு வந்து ஆம் இல்லை என்று சொல்லவேண்டும்.

டன்ஸ்டர் அதை இரண்டு தடவை படித்துக் காட்டவேண்டியிருந்தது. இரண்டாவது தடவை முடிவதற்குள் பார்ட்லி தொப்பியை எடுத்துவிட்டான்.

அலுவலகத்துக்கு வெளியே நீளமான பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்தவளுக்கு முப்பது வயதுதான், ஆனால் முன்தலை நரைத்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாள். பார்ட்லி பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"கிழவனாயிட்டே," என்றாள் பெகீன்.

"வந்ததும் சொல்ல வேற எதுவும் இல்லையா?"

"நிறைய யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் கடல்ல வாந்தியோட போயிடுச்சு."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு, "மாடா திருடினே?" என்றான்.

"ஆமா, கெனவனோடது. உன்னை அழைச்சுக்கறேன்னு எழுதினே, அழைக்கலை. பணம் கொடுத்துக் கப்பல் ஏற எங்கிட்ட என்ன இருக்கு? உன்னை எதுக்காகக் கூட்டிட்டுப் போனாங்களோ அதையே பண்ணினா என்னையும் அங்கதானே கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். அதைக்கூட உருப்படியாச் செய்ய விடலை. பட்டப்பகல்ல ஒரு கிடாரியை ஓட்டிட்டு நேரா போலீஸ் வாசலுக்கே போனேன். அதே டோலன்தான். வீட்டுக்குப் போ பெகீன்னு சொல்லி ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியைக் கையில கொடுத்துட்டு, கிடாரியை அவனே கெனவன் கொல்லையில கொண்டுபோய் விட்டுட்டான்."

"கஞ்சி குடிச்சியா?"

"குடிக்காம? மறுவாரம் திரும்பத் திருடினேன். இந்தத் தடவை டோலன்கிட்ட போகலை, நீதிபதி வண்டியை விட்டு இறங்கற இடத்துல ஓட்டிட்டுப் போய் நிறுத்தினேன். நான்தான் திருடினேன், எழுதிக்கோங்கன்னேன். பத்து வருஷம் கொடுங்க, என் புருஷனுக்குக் கொடுத்த அளவுன்னு கேட்டேன். ஏழுதான் கொடுத்தான், கஞ்சன்."

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி களைத்த மனிதர். அன்றைய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். "உனக்கு இரண்டு மொழியும் தெரியுமல்லவா? நீயே அவளுக்குச் சொல்," என்றார் பார்ட்லியிடம். பிறகு காகிதத்தைத் தள்ளினார். "உன் பதிவில் கல்யாணம் ஆகாதவன், யாரும் இல்லை என்று நீயே சொன்னதாக இருக்கிறது. அதை முதலில் அவளிடம் சொல்."

பார்ட்லி பெகீன் பக்கம் திரும்பினான். எட்டு வருஷத்தில் அந்தத் தீவில் அவனிடம் வாங்கிய வேலைகளில் இதைப்போலக் கடினமானது எதுவும் இல்லை.

"என் காகிதத்துல எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு இருக்காம். நான் சொன்னதுதான்."

பெகீன் அவனைப் பார்த்தாள். அதிகாரி பழைய பதிவேட்டைத் தேடி அடுத்த அறைக்குப் போனார்.

"நீ அழுதியே, பெகீன்," என்றான் அவன், யாரோ துரத்துவதுபோல வேகமாக. "பாலத்துல நின்னு, தலையை விரிச்சுப்போட்டு. இருந்தான் இருந்தான்னு பாடினீங்களே. செத்தவனோட பொண்டாட்டியைக் கட்டிப்போடக் கூடாதுன்னுதான்…"

"அதனாலதான் அழைப்பு வரலையா?"

"ஆமா."

"எப்போ கேட்டே?"

"நாப்பத்தாறு, பிப்ரவரி."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "கொடுத்திருந்தா அந்த வருஷம் முடியறதுக்குள்ள கப்பல் ஏறியிருப்போம்."

"ஏறியிருப்போமா? யாரு?"

"நானும் நாப்லாவும். உங்கம்மா பேரைத்தான் வச்சேன். நீ போன அந்த வருஷமே, டிசம்பர்ல பிறந்தா. கூட்டிட்டு வந்து நேர்ல காட்டலாம்னு உனக்கு எழுத வேண்டாம்னு பாதிரியார்கிட்ட சொன்னேன். நாப்பத்தேழு பிப்ரவரியில காய்ச்சல். அஞ்சு வயசு." அவள் குரல் உயரவில்லை. "நீ கறக்கும்போது பாடற பாட்டு அவளுக்கு முழுசாத் தெரியும். மாடுதான் இல்லை, பாட்டைப் பாடிட்டுத் திரிவா."

பார்ட்லிக்கு மகள் இருந்தாள் என்பதும் இல்லை என்பதும் ஒரே மூச்சில் தெரிந்தன. அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். பிறகு கணக்கு அவனுக்கே புரிந்தது. பிப்ரவரியிலிருந்து பிப்ரவரி, முழுசாக ஒரு வருஷம்.

"என்னைத் தெரியாதுன்னு சொல்லிடு," என்றான். "நான் அப்படியே மொழிபெயர்க்கறேன். என் வாயாலதான் அவ போனா."

"மாட்டை விடாதேன்னு சொன்னது யாரு?"

"அது வேற விஷயம்."

"யாரு சொன்னா?"

"நீதான்."

"ஏன் சொன்னேன் தெரியுமா? அப்போ எனக்கு ரெண்டு மாசம். மூணு முடியாம வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னு உன்கிட்ட சொல்லலை. இந்த ஒரு வருஷமாவது வீட்டை விட்டு ஒண்ணும் போகவேண்டாம்னு பயந்தேன். அவளைக் காப்பாத்தத்தான் மாட்டை நிறுத்தினேன், நீ போயிட்டே. என்னைக் காப்பாத்தறேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னே, அவ போயிட்டா." பெகீன் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். "நாம ரெண்டு பேரும் யாரையும் காப்பாத்தாம சும்மா இருந்திருக்கலாம், பார்ட்லி."

அதிகாரி பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தார். "மனைவிதான் என்றால் இந்தப் பதிவைத் திருத்த டப்ளினுக்கு எழுதவேண்டும். பதில் வர ஒரு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை அவளை எந்த எஜமான் கேட்கிறாரோ அவரிடம் அனுப்புவோம். இந்த ஆள் உன் கணவனா என்று கேள்."

பார்ட்லி எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். பதிலுக்குக் காத்திருந்தான். அவள் எதைச் சொன்னாலும் அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

பெகீன் மேசைமேல் கிடந்த அவன் காகிதத்தைப் பார்த்தாள்.

"என் புருஷன் செத்துட்டாருன்னு சொல்லு."

பார்ட்லி அதிகாரி பக்கம் திரும்பாமல் அவளையே பார்த்தான்.

"சொல்லு. இழவு வச்சோம், ஊரே சாட்சி. நான் விதவை. இந்த ஆளு கல்யாணம் ஆகாதவருன்னு இவங்க காகிதமே சொல்லுது. ஒரு விதவையும் கல்யாணம் ஆகாத ஒருத்தரும் கட்டிக்கறதுக்கு இந்த ஊர்ல எத்தனை நாள் ஆகும்னு கேளு."

பார்ட்லி அதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி புருவத்தைத் தூக்கினார். "கணவன் இந்தத் தீவில் இருப்பதாகக் கப்பலில் சொன்னாளே?"

"இங்க இருக்காருன்னுதான் சொன்னேன். உயிரோட இருக்காருன்னு சொன்னேனா?" என்றாள் பெகீன்.

அதிகாரி வெளியே இருந்த வரிசையை ஒரு தடவை பார்த்தார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். "எஜமான் சம்மதித்தால் ஒரு மாதம். விதவை என்று எழுதுகிறேன். குழந்தைகள்?"

"ஒண்ணு," என்றாள் பெகீன். "நாப்லா. இறந்துட்டா. ரெண்டையும் எழுதச் சொல்லு."

"தகப்பன் பெயர்?"

இதைப் பார்ட்லி அவளிடம் கேட்கவில்லை. அவனே சொன்னான். "பார்ட்லி மல்கெரின், ஐயா."

"அது உன் பெயர் அல்லவா?"

"எங்க ஊர்ல கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை எறிஞ்சா மூணு பார்ட்லி மேல படும், ஐயா."

அதிகாரி அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். எழுதி முடித்ததும் பார்ட்லி மேசைக்குப் பக்கத்தில் வந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. "அந்தப் பேர் எதுன்னு காட்டறீங்களா?" என்று கேட்டான். அதிகாரி பதிவேட்டைத் திருப்பி விரலால் காட்டினார். மை இன்னும் ஈரமாக இருந்தது. பார்ட்லி தொடவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்தவளைக் கூப்பிடும்வரை நின்றான்.

ஆண்டவர் முன்னால் ஒரு தடவை செய்ததை மறுபடி செய்ய முடியாது, ஆனால் அரசாங்கத்துக்காக ஒரு கையெழுத்துப் போடலாம் என்று சொல்லி ஹோபார்ட் பாதிரியார் போட்டார். இருவருடைய தண்டனையும் முடிந்த பிறகு பள்ளத்தாக்கில் கொஞ்சம் நிலமும் நாலு மாடுகளும் சேர்ந்தன, இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஒருமுறை மே முதல் தேதி, அந்த ஊரில் இலை உதிர்ந்து குளிர் ஏறுகிற நேரம், மரீன் வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது. பெகீன் வீட்டு வாசல் வரை வந்தவள் தேதி நினைவு வந்து, கேட்க வாய் வராமல் நின்றாள். பெகீன் அவள் கையிலிருந்த காலிச் சட்டியைப் பார்த்தாள். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தணலை அள்ளிப் போட்டாள்.

"ஐயோ, இன்னிக்கா கொடுக்கறே? மே முதல் தேதிடி!"

"கொண்டு போ. இந்த வீட்டை விட்டுப் போகவேண்டியதெல்லாம் எப்பவோ போயாச்சு," என்றாள் பெகீன். "பாலும் எடுத்துட்டுப் போ. அவரு இப்பத்தான் கறந்துட்டிருக்காரு."

கொட்டகையில் பார்ட்லி பாடிக்கொண்டிருந்தான். மரீன் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியட்டும் என்று வாசலிலேயே நின்றாள்.